லோடு ஏற்றினால் மட்டும் உதறிய வண்டி: அம்பத்தூர் கன்ட்ரோலர் பட்டறை பற்றி

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில், லேத் பட்டறைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகை கூட இல்லாத ஒரு சிறிய இடத்தில் மின்சார வண்டிகளின் கன்ட்ரோலர்களை, அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளை, பழுது பார்க்கிறார்கள். சென்ற மாதம் என் அண்ணனின் சரக்கு ஆட்டோவை அங்கே கொண்டு போனோம். அண்ணன் கொரட்டூர், பாடிப் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறார்; 25 கேன் ஏற்றினால் தண்ணீர் மட்டுமே 500 கிலோ. அந்தப் பாரத்தோடு பாடி மேம்பாலம் ஏறும்போது வண்டி விடாமல் உதறும். காலி கேன்களோடு திரும்பும்போது அதே வண்டி அலுங்காமல் குலுங்காமல் வரும்.

அதற்கு முன் வேறோர் இடத்தில், கன்ட்ரோலரில் எரிந்துபோன ஒரு டெர்மினலை (கேபிள் இணையும் முனையை) மாற்றக் கொடுத்திருந்தோம். உதறல் அதன் பிறகுதான் தொடங்கியது. திரும்பக் காட்டியபோது, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று இரண்டு முறை அனுப்பிவிட்டார்கள். மோட்டாரையே மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு அண்ணன் வந்திருந்தார்.

அம்பத்தூர் பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "காலி வண்டியில வருதா, லோடுல மட்டும் வருதா சார்?" என்பதுதான். மின்னியல் டிப்ளமோ படித்த எனக்கு அந்தக் கேள்வியிலேயே நம்பிக்கை பிறந்துவிட்டது. நாம் கன்ட்ரோலர் என்று சொல்வது உண்மையில் ஓர் இன்வெர்ட்டர். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மூன்று ஃபேஸ் மாறுமின்னோட்டமாக்கி மோட்டாருக்குக் கொடுப்பது அதன் வேலை. ஒவ்வொரு ஃபேசிலும் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதைச் சென்சார் சொல்ல, அதை நம்பித்தான் அது அடுத்த கணத்தின் விசையைத் தீர்மானிக்கிறது. கரன்ட்டே இல்லாதபோதும் சென்சார் ஓர் அளவைக் காட்டினால், மாறுமின்னோட்டத்தின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு உதறல் வரும். அது லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். பூஜ்யத்தைச் சரியாகக் காட்டிவிட்டு, கரன்ட் ஏற ஏறக் குறைத்துக் காட்டினால், சுழற்சிக்கு இரண்டு உதறல், அதுவும் லோடுக்குத் தக்கபடி வளரும். எங்கள் வண்டிக்கு இருந்தது இரண்டாவது நோய். அவரும் ஜாக்கியில்தான் தூக்கினார். ஆனால் சக்கரம் சுற்றும்போது பிரேக்கை லேசாக அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிரேக் பிடித்த மாத்திரத்தில் மேம்பாலத்து உதறல் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. முந்தைய இடத்தில் யாராவது ஒருவர் அந்தப் பிரேக்கை மிதித்திருந்தால் அண்ணனுக்கு மூன்று வார வியாபாரம் கெட்டிருக்காது.

மூடியைக் கழற்றியதும் விவரம் தெரிந்தது. இவ்வகை கன்ட்ரோலரில் ஒவ்வொரு ஃபேசின் கரன்ட்டும் ஒரு செம்புப் பட்டை வழியாக வெளியே வருகிறது, பஸ்பார் என்பார்கள். சென்சார் இருக்கும் இடத்தில் பட்டையின் இரு ஓரமும் வெட்டப்பட்டு இடுப்பு போலக் குறுகியிருக்கும். கரன்ட் அங்கே நெருங்கிப் போவதால் அதன் காந்தப்புலம் அடர்த்தியாகிறது. அருகிலுள்ள ஹால் சென்சார் அந்தப் புலத்தை அளக்கிறது. (1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த அதே விளைவுதான்.) பட்டையையும் சென்சாரையும் சுற்றி 'ப' வடிவ இரும்புக் கவசம் ஒன்றும் உண்டு, பக்கத்துப் பட்டைகளின் புலம் உள்ளே நுழையாமல் அது காக்கிறது. டெர்மினல் மாற்றியவர்கள் நடுப் பட்டைக்குப் பதிலாகச் சாதாரணச் செம்புப் பட்டையைத் துண்டு போட்டு மாட்டியிருந்தார்கள். இடுப்பு வெட்டு இல்லை, கவசத்தையும் திரும்பப் பொருத்தவில்லை, பட்டை சென்சாரிலிருந்து தள்ளியும் உட்கார்ந்திருந்தது. பட்டறைக்காரர் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, மற்ற இரண்டு பட்டைகளோடு ஒப்பிட்டு அந்த இடைவெளியை எனக்குக் காட்டினார்.

இந்த இடம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மின்சாரம் போனால் போதும் என்று நினைப்பவருக்கு எந்தச் செம்பும் செம்புதான். ஆனால் இங்கே பட்டையும் சென்சாரும் சேர்ந்ததே ஓர் அளவுகோல். ஒரு கம்பிக்கு 10 மி.மீ. தூரத்தில் 200 ஆம்பியர் உண்டாக்கும் புலம் 4 மில்லி டெஸ்லா. தூரம் 11 மி.மீ. ஆனால் அதே புலம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்துவிடும். சென்சார் 10 சதவீதம் குறைத்துக் காட்டினால், கன்ட்ரோலர் அதை ஈடுகட்ட அந்த ஃபேசில் 11 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். வெப்பம் கரன்ட்டின் இருமடிப்படி ஏறுவதால் அங்கே 23 சதவீதம் கூடுதல் சூடு. இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால், ஒருவேளை ஒரு சித்திரை மதியத்தில், அந்த ஃபேசின் கரன்ட்டை ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட்கள் போயிருக்கும்.

புதுப் பட்டையை, எரிந்த பழைய பட்டையின் அளவெடுத்து, பக்கத்து லேத் பட்டறையில் மில்லிங் போட்டு, வெள்ளீயம் பூசி வாங்கினார்கள். கவசத்துக்குப் பழைய கன்ட்ரோலர் ஒன்றிலிருந்து அதே மாதிரி எடுத்தார்கள். போல்ட்டைக் கைக்கு வந்தபடி முறுக்காமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கிளிக் சத்தம் வரும்வரை இறுக்கி, தலையில் மஞ்சள் கோடு போட்டார்கள். இணைப்பு தளர்ந்தால் தடை கூடும், சூடாகும், சூட்டில் மேலும் தளரும். முதலில் டெர்மினல் எரிந்ததே அப்படித்தான் என்பது அவர் கணிப்பு. பேட்டரிப் பக்கத்து இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியே இருக்கின்றனவா என்றும் பார்த்தார். அவை விலகினால் ஸ்விட்ச் ஆகும் கணத்தில் வோல்டேஜ் எகிறும்.

பிறகு ஒவ்வொரு பட்டையிலும் 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தி, 100 மைக்ரோ ஓம் ஷன்ட்டில் (தடை துல்லியமாகத் தெரிந்த உலோகத் துண்டில்) விழுந்த 10 மில்லி வோல்ட்டோடு சென்சார் காட்டியதை ஒப்பிட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. அந்தச் சோதனையைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே செய்தார்கள். ஹால் சென்சாரின் உணர்திறன் வெப்பத்தோடு மாறும் என்பதால் சூடான பிறகும் ஒருமுறை செய்திருக்க வேண்டும். நேர்மின்னோட்டத்தில் மட்டும் பார்ப்பதும் போதாது, ஏனெனில் மோட்டார் வேகமெடுக்க மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் ஏறும்; 400 ஹெர்ட்ஸில் செம்பில் கரன்ட் ஊடுருவும் ஆழம் சுமார் 3.3 மி.மீ.தான், அகலமான பட்டையில் கரன்ட் ஓரங்களுக்கு ஒதுங்குவதால் வேகத்தில் புலத்தின் வடிவம் மாறும். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை, அதற்கான கருவி தம்மிடம் இல்லை என்று நேராகச் சொன்னார். இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் ஆக்கினார்கள், இடையில் ஒரு போன் கூட இல்லை. உட்கார நாற்காலி கிடையாது. கூலியும் பொருளுமாக 6,800 ரூபாய் ஆனது. பில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

வண்டியை எடுத்த அன்றே அண்ணன் 25 கேன் ஏற்றிக்கொண்டு பாடி மேம்பாலத்தில் ஏறினார். நான் பின்னால் பைக்கில் போனேன். உச்சியைத் தாண்டும்வரை ஒரு கேன் கூட அடுத்த கேனோடு மோதவில்லை. கழற்றிய அந்த வெட்டில்லாத பட்டையைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள் என்று யாராவது வந்தால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.