நான்கு வருடம், 41,000 கிலோமீட்டர், ஒரு பின்சீட்டு

"ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சு, உன் வண்டியவே நானும் எடுக்கலாம்னு இருக்கேன். வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போய்வரத் தோதா இருக்குமா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனதிலிருந்து இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. மற்றவர்களுக்கு "நல்ல வண்டி, எடுங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டேன். இவர் "வீட்டம்மாவை" என்று கேட்டுவிட்டதால் ஒரு வரியில் முடியவில்லை.

இதை எழுதும்போது வண்டியின் சீட்டு தனியாகக் கழற்றப்பட்டு மொட்டைமாடியில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. காய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது நாள். அந்தக் கதை கடைசியில்.

வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் என்னைப் புகழவும் பாதிப் பேர் அடிக்கவும் வருவார்கள், சீட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். 350 சிசிக்குள் அடங்கும் ஒற்றை சிலிண்டர், கனமான உடம்பு, நிதானமான ஓட்டம். மற்ற விவரமெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2021 கடைசியில் எடுத்தது. நாங்கள் இருப்பது தாம்பரம், மனைவியின் ஊர் நாகர்கோவில். போக ஏறத்தாழ 700 கிலோமீட்டர், வர அதே அளவு. இதுவரை பதினோரு தடவை இருவருமாகப் போய்வந்திருக்கிறோம்.

ஏன் ரயிலில் போகக்கூடாது என்று மாமனார் ஒவ்வொரு தடவையும் கேட்பார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அறுபது நாள் முன்பு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்ததும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் இடம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவருக்குத் தெரியாது. 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் விட்ட பிறகும் பண்டிகைக்காலத்தில் அதே கதைதான். பஸ்ஸில் ஏறினால் என் மனைவிக்கு விக்கிரவாண்டி வருவதற்குள் வாந்தி வந்துவிடும். பைக்கில் ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் பயணங்களின் அடிப்படைக் காரணம் இவ்வளவுதான், சாகசம் ஒன்றும் கிடையாது.

முதலில் நியாயமாக நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின் 41,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. இரண்டு பேர், இரண்டு பக்கப் பைகள், பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பை, இத்தனையோடும் 80-85ல் வைத்தால் மதுரை வரை அதே சத்தத்தோடு ஓடும். அதற்கு மேல் முறுக்கினால் கைப்பிடி நடுங்கும், அது அதன் குணம். லிட்டருக்கு 33 கொடுக்கிறது. போக வர பெட்ரோல் 4,300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் காசு இல்லை என்பது தனி சந்தோஷம். பரனூரில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு நிற்கையில் இடது ஓரச் சந்தில் நுழைந்து வெளியே வருவதில் ஒரு அற்பத் திருப்தி இருக்கிறது, மறுக்கமாட்டேன்.

செயின், ஸ்பிராக்கெட் 24,000 கிலோமீட்டரில் மாற்றினேன். பின் டயர் 19,000ல். கோவில்பட்டிக்கு முன்னால் ஒரு ஆணி ஏறியது, ட்யூப்லெஸ் என்பதால் ரோட்டோரத்திலேயே ஒட்டிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம், மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் மனைவி கடலைமிட்டாய் வாங்கிவிட்டாள்.

இனி பின்சீட்டு.

இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் முன்னால் உட்காருகிறவனை மகாராஜாவாக நினைத்திருக்கிறார்கள். அகலமான சீட்டு, நிமிர்ந்த கைப்பிடி, காலுக்குச் சௌகரியம். பின்னால் உட்காருகிறவர் யார், என்ன உயரம், எவ்வளவு நேரம் உட்காருவார் என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. பின்சீட்டு முன்பக்கமாகச் சரிந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலும் தெரியாது. ஐம்பது கிலோமீட்டர் போனால்தான் தெரியும். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் இருப்பவர் வழுக்கி முன்னால் வருவார். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் "டொக்" என்று முட்டும். அப்புறம் அவர் காலை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். அடுத்த பிரேக்கில் மறுபடி டொக். ஒருதடவை தாம்பரத்திலிருந்து மதுரை வரை எத்தனை டொக் என்று மனைவி எண்ணினாள். நூற்றுப் பதினேழு. மாட்டுத்தாவணிப் பக்கத்து லாட்ஜில் சாவி வாங்கும்போது அந்த எண்ணைச் சொன்னாள், வேறு எதுவும் பேசவில்லை.

பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடிக்கிற இடத்தில் இருக்கிறது. பக்கப் பைகளுக்கான ஸ்டேண்டு மாட்டவேண்டும் என்றால் சாரி கார்டை, அதாவது சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைத்த கம்பியை, கழற்ற வேண்டும், கழற்றினால் பை கெண்டைக்காலை உரசும். இதையெல்லாம் சர்வீஸ் சென்டரில் சொன்னேன். "புது நுரை சார், அஞ்சாயிரம் ஓடினா செட் ஆயிடும்" என்றார்கள். ஐந்தாயிரம் ஓடியது. பத்தாயிரம் ஓடியது. நுரை செட் ஆகவில்லை, என் மனைவியை செட் ஆகச் சொன்னார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜெல் பேட் வாங்கினேன், உளுந்தூர்பேட்டை வெயிலில் அது தோசைக்கல் ஆனது. காற்றடைக்கிற குஷன் வாங்கினேன். சொகுசாக இருந்தது, ஆனால் சரிவான சீட்டில் அதுவும் அவளோடு சேர்ந்து வழுக்கியது. திருச்சி தாண்டி காற்று இறங்கிவிட்டது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்று வருடமும் எனக்கு இது ஒரு சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. மணிக்கு ஒருமுறை நிறுத்தினால் போதும் என்று நினைத்தேன். விராலிமலையில் டீ, மேலூரில் இளநீர் என்று நிறுத்தியும் இருக்கிறேன். இறங்கியதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வண்டியை ஒரு பார்வை பார்ப்பாள். நான் எஞ்சினைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பேன்.

போன ஆடியில்தான் மாறியது. வள்ளியூர் தாண்டிவிட்டால் வலதுபக்கம் மலை, அதன் இடைவெளிகளில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் என்று நெடுகக் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. பக்கவாட்டிலிருந்து அடிக்கும்போது இரண்டு பேரும் பைகளும் சேர்ந்து வண்டிக்கு ஒரு பாய்மரம் கட்டினமாதிரி ஆகிவிடும். ஒரு லாரியைக் கடக்கும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், லாரி போனதும் பளாரென்று அறையும். வண்டியின் கனம் அங்கே உதவுகிறது, அதைச் சொல்லியாகவேண்டும். ஆனால் செங்கல்பட்டுக்காரனான எனக்கு அந்தக் காற்று பத்துத் தடவை போயும் பழகவில்லை. அன்றைக்கு நாங்குநேரியிலிருந்தே வலது மணிக்கட்டு மரத்துப்போயிருந்தது. வள்ளியூரில் ஓரங்கட்டி கையை உதறிக்கொண்டு நின்றேன்.

"கொடுங்க, எங்க ஊர்க் காத்து. எனக்குத் தெரியும்" என்றாள்.

தாம்பரத்தில் தெருவுக்குள் ஓட்டியிருக்கிறாள், ஈசிஆரில் இரண்டுமுறை. காற்றில் ஓட்டியதில்லை என்று நான் இழுத்தேன். கல்லூரிக்காலம் முழுக்க ஸ்கூட்டியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் போய்வந்தவள் அவள், அந்த ஸ்கூட்டி இதில் பாதிகூடக் கனம் கிடையாது. காற்றோடு மல்லுக்கட்டாமல் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, 60லேயே போனாள். வண்டி கொஞ்சம் ஆடும், அவள் ஆடவிட்டாள். நான் அதுவரை ஆடவிடாமல் இறுக்கிப் பிடித்ததுதான் மணிக்கட்டுக்குக் காரணம் என்று பின்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

வேறொன்றும் புரிந்தது. நாகர்கோவிலுக்கு இன்னும் 35 கிலோமீட்டர்கூட இல்லை. தோவாளை வருவதற்குள் என் வால் எலும்பு தனியாக ஒரு வலியைக் கண்டுபிடித்திருந்தது. கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை இழுக்கிறது. விட்டால் வழுக்குகிறேன். பை காலை உரசுகிறது. அவள் பிரேக் பிடித்தாள், டொக். "சாரி" என்றேன். அவள் முன்னாலிருந்து, "பரவால்ல, ஒண்ணு" என்றாள்.

வடசேரியில் வீட்டு வாசலில் இறங்கியபோது நானும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்த வண்டியை ஒரு பார்வை பார்த்தேன். மாமி வெளியே வந்து, மகள் முன்னாலும் மருமகன் பின்னாலும் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்ன மக்களே, கையில அடிகிடி பட்டுட்டா?" என்று பதறினார். இல்லை மாமி என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வாசம் வந்துவிட்டது. மீதிக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

(திரும்பும்போது மாமி "ரெண்டு தேங்காதான் மக்களே" என்று ஆரம்பிப்பார். தாம்பரத்தில் பையைத் திறந்தால் தேங்காய் பன்னிரண்டு, ஏத்தங்காய் சிப்ஸ், ஒரு சீப்பு மட்டிப்பழம் எல்லாம் இருக்கும். மாமனார் வீட்டுப் பயணம் என்றால் திரும்புவதற்கு முன் பின்பக்க ஸ்பிரிங்கை இரண்டு பல் ஏற்றிவையுங்கள், பின் டயரில் காற்றை கம்பெனி சொல்லும் இருவர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தேங்காய் கணக்கு எந்தக் கையேட்டிலும் இல்லை.)

சென்னை வந்ததும் சீட்டைக் கழற்றிக்கொண்டு புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சீட்டு தைக்கிற கடைக்குப் போனேன். பெரியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி யாரு தம்பி உக்காருவாங்க?" என்றார். மனைவி என்றேன். "அவங்களக் கூட்டிட்டு வா. வண்டியையும் எடுத்துட்டு வா." நான்கு வருடத்தில் இந்த வண்டி சம்பந்தமாக ஒருவர் அவளைக் கூட்டிவரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் அவளை உட்காரவைத்து, சாக்கட்டியால் கோடு போட்டு, பின்சீட்டின் முன்பக்கத்தில் ஒரு அங்குலம் கெட்டி நுரை வைத்து உயர்த்தி, நடுவில் வால் எலும்பு படும் இடத்தில் மட்டும் குடைந்து மெத்தென்று வேறு நுரை வைத்தார். 1,800 ரூபாய். வேலை மூன்று மணி நேரம். லட்சக்கணக்கில் விற்கிற வண்டியில் இந்த ஒரு அங்குலத்தை வைக்க ஒரு பெரிய கம்பெனியால் முடியவில்லை என்பதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

தீபாவளிக்குப் போனோம். தாம்பரத்திலிருந்து மதுரை வரை டொக் முப்பத்தொன்று. அதிலும் பாதி என் பிரேக்கின் தப்பு. திண்டிவனத்தில் இறங்கவேண்டாம் என்றாள், விழுப்புரத்திலும் வேண்டாம் என்றாள். திருச்சி வரை இரண்டே நிறுத்தம். பின்னாலிருந்து பாட்டு முணுமுணுக்கும் சத்தம் கேட்டது, நான்கு வருடத்தில் கேட்காதது. அங்கேயே நிறுத்தி இந்தப் பதிவை எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்.

திரும்பும்போது மழை. சாத்தூரிலிருந்து பிடித்துக்கொண்டது, மேலூர் வரை விடவில்லை. ரெயின்கோட்டு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் புதுச் சீட்டு உறையில் பெரியவர் அழகுக்காக இரட்டைத் தையல் போட்டிருந்தார். அத்தனை ஊசித்துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கியது. மெத்தென்ற நுரை அத்தனையையும் குடித்துவிட்டது. மழை நின்று வெயில் வந்தபிறகுதான் கொடுமை. உட்காரும்போதெல்லாம் பிழிகிறது. "ஸ்பாஞ்சுல உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றவள், துவரங்குறிச்சியில் ஒரு பாலித்தீன் பை வாங்கி விரித்துக்கொண்டாள். பாலித்தீன் வழுக்கும். டொக் திரும்பி வந்தது. அவள் எண்ணவில்லை, நான் எண்ணினேன்.

பெரியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைக்கச் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இதுபோல் சீட்டு மாற்றுகிறவர்கள் அதை மறக்காதீர்கள்.

ஆக, நண்பருக்கு என்ன பதில்? எஞ்சின் நன்று, நிதானம் நன்று, மழையிலும் காற்றிலும் நம்பலாம், செலவு குறைவு, சாமான் ஏற்றலாம். எடுக்காதே என்று எழுதிவிட்டேன். வரி பத்து சதவீதம் இல்லை, இருபது குறைந்தாலும், பின்னால் ஒரு ஆள் உட்காருவார் என்று நினைத்துப்பார்க்காத வண்டியை தம்பதி சமேதராய் எதற்கு எடுக்கவேண்டும் என்று கொஞ்சம் காரமாகவே எழுதினேன். ஈர நுரை வாசனை மூக்கில் இருக்கும்போது இதைவிட மரியாதையாக எழுதவரவில்லை.

மனைவி போனைப் பிடுங்கிப் படித்தாள். அப்புறம் அவளே ஒரு குரல் பதிவு அனுப்பினாள்: "அண்ணா, அவர் சொல்றதக் கேக்காதீங்க, நல்ல வண்டிதான், எடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அண்ணிய மட்டும் பின்னால உக்காரவச்சு செங்கல்பட்டு வரைக்கும் ஓட்டிப் பாருங்க. இல்லாட்டி அண்ணி ஓட்டட்டும், நீங்க பின்னால உக்காருங்க."

பொங்கலுக்கும் இதே வண்டிதான். பாதி வழி நான், காற்றுப் பக்கம் வந்ததும் அவள் என்று பேச்சு. எந்த ஊரில் மாற்றிக்கொள்வது என்பதில்தான் இழுபறி. நான் காவல்கிணறு என்கிறேன், அவள் மதுரை என்கிறாள்.