வாயைக்கூடப் பார்க்காமல் பல்லை வெளுத்தார்கள்

பல் வெளுக்க நாள் குறித்து வைத்திருப்பவர்கள் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நான் போன இடம் பார்வைக்குக் கிளினிக் மாதிரியேதான் இருந்தது. சாய்வு நாற்காலி, தலைக்கு மேலே பெரிய விளக்கு, வெள்ளைக் கோட்டும் முகக்கவசமும் போட்ட பெண். நான் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டேன். இல்லை என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அங்கே பல் மருத்துவர் என்று யாருமே கிடையாது, அவர் சில நாள் பயிற்சி மட்டும் எடுத்தவர் என்பது வலி தாங்காமல் போன் செய்து கேட்டபோதுதான் தெரிந்தது.

உட்கார்ந்ததும் உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். சொத்தை இருக்கிறதா, ஈறு இறங்கியிருக்கிறதா, முன்பு பல்லில் ஏதாவது வேலை செய்திருக்கிறதா, கர்ப்பமா என்று ஒரு கேள்வி இல்லை. ஜெல் இருந்த சிரிஞ்சில் லேபிளும் இல்லை. வளையம் மாட்டுவதற்கு முன் “இதுல என்ன மருந்து இருக்கு, எத்தனை சதவீதம்?” என்று கேட்டிருந்தேன். “எல்லாம் நேச்சுரல்தாங்க, பயப்படாதீங்க” என்றார். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

பல்லை உண்மையில் வெளுப்பது பெரும்பாலும் பெராக்சைடு என்ற ரசாயனம். நேச்சுரல் என்று சொல்லிப் பூசும் ஜெல் பல்லின் உள்நிறத்தையே மாற்றுகிறது என்றால் அதில் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடோ கார்பமைடு பெராக்சைடோதான் இருக்கும். நீல விளக்கைக் காட்டுவதெல்லாம் கூடுதல் சேர்ப்பு, விளக்கு இல்லாமலும் பெராக்சைடு தன் வேலையைச் செய்யும்.

இரண்டாவது சுற்றில் ஈறு எரிந்தது. கையை ஆட்டிக் காட்டினேன். “கொஞ்சம் கூசும், தாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றும் பூசினார். முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தார். பல் பளீரென்று இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மேல் ஈற்றின் ஓரம் முழுக்க, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அது ரசாயனப் புண். பல் மருத்துவர்கள் ஜெல் பூசும் முன் ஈற்றின் மேல் ஒரு பிசினைத் தடவி, விளக்கொளியில் இறுகவைத்து மூடுகிறார்கள். எனக்கு அது செய்யப்படவே இல்லை.

அன்று இரவு ஆரம்பித்தது. எதையும் கடிக்கவில்லை, குடிக்கவில்லை. சும்மா படுத்திருக்கும்போதே மேல் இடது பக்கப் பல்லில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. ஒரு நொடிதான், ஆனால் உடம்பே தூக்கிப்போடும். அடுத்தது எப்போது வரும் என்று காத்திருந்தே விடிந்துவிட்டது. வாய் வழியாக மூச்சு இழுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் நிஜமான பல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் செய்த வேலை, அந்த இடத்தில் யாரும் செய்யாத வேலை: வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வலித்த பல்லில் ஈற்றை ஒட்டி ஒரு சொத்தை. எனக்கே தெரியாது. பக்கத்துப் பல்லில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தது. வேரின் மேல், பல்லைக் காக்கும் கெட்டியான மேலோடான எனாமலே கிடையாது. நல்ல பல்லிலேயே பெராக்சைடு எனாமலையும் அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கையும் கடந்து, சில நிமிடங்களில் நடுவில் இருக்கும் நரம்புக்கூழ் வரை போய்விடும் என்றார். அதனால்தான் முறையாகச் செய்தாலும் பலருக்குச் சில நாள் கூச்சம் இருக்கிறது. சொத்தைக்கு மேல் பூசினால் அதற்குக் கதவையே திறந்துவிட்ட மாதிரி.

ஈறு ஒன்றரை வாரத்தில் தானாக ஆறியது. சொத்தையை அடைத்தார்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையைத் தேய்த்துத் தேய்த்துக் கூச்சம் அடங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

வெண்மையாவது நின்றதா? ஒரே வாரத்தில் பாதி மங்கிவிட்டது. வாயைத் திறந்தே வைத்திருந்ததாலும் ஜெல்லாலும் பல் ஈரம் இழந்து காய்ந்திருக்கிறது. காய்ந்த பல் கூடுதலாக வெளுப்பாகத் தெரியும், ஈரம் திரும்பியதும் இறங்கிவிடும். ‘முன்–பின்’ படங்களை நாற்காலியிலேயே எடுத்துவிடுவது ஏன் என்று இப்போது புரிகிறது.

எனக்கு முன்பல் ஒன்றில் பழைய செராமிக் கேப் இருக்கிறது. கேப், ஃபில்லிங் எதுவும் பெராக்சைடுக்கு வெளுக்காது. இதுநாள்வரை பக்கத்துப் பற்களோடு ஒத்துப்போன அந்தக் கேப் இப்போது தனியாக மஞ்சளாக நிற்கிறது. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகிறது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. புதுக் கேப் போட வேண்டும், அதற்கும் மற்றப் பற்களின் நிறம் நிலைக்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பணத்தைத் திருப்பித் தரக் கேட்டேன். “எல்லாருக்கும் செட் ஆகாதுங்க” என்று போனை வைத்துவிட்டார்கள்.

பல் வெளுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 10% கார்பமைடு பெராக்சைடை பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த உறையில் (ட்ரே) ஊற்றி இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் முறை 1989-இல் ஆய்விதழில் வெளிவந்து, அன்றிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. அது ஏறக்குறைய 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம், மெதுவாக வெளுக்கும். கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வதற்கு 25 முதல் 40% வரை போகிறார்கள். ஏறக்குறைய ஏழு முதல் பதினோரு மடங்கு வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதிப்படி, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ளவற்றைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. சதவீதம் கேட்டால் சொல்லாத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

என் தோழிக்கு முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவளும் அதே இடத்தில் நாள் குறித்திருந்தாள். அதை ரத்து செய்யவைத்து, என் பல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்போதோ அடிபட்டு அந்தப் பல்லின் நரம்பு செத்துப்போயிருந்தது, வேர் நுனியில் சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. இப்போது வேர் சிகிச்சை நடக்கிறது. அது முடிந்ததும் அந்த ஒரு பல்லை மட்டும் உள்ளிருந்தே வெளுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.