கொட்டகைக்குள் ஒரு அறை: சீமெந்துக் கல்லா, மண்ணா, பலகையா?

கிளிநொச்சிப் பக்கம் உழவு இயந்திரத்துக்கும் நெல் மூட்டைக்கும் என்று போட்ட தகரக் கொட்டகை எத்தனையோ வளவுகளில் நிற்கிறது. அதற்குள்ளேயே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இருக்க ஒரு அறை கட்டலாமா? கட்டலாம். கைப்பழக்கம் இல்லாத நானே கட்டினேன். கூரை முதலே நிற்பதால், ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அந்தரம் இல்லை. தகரத்தின் பாரத்தைக் கொட்டகைக் கப்புகள் தாங்குகின்றன; சுவருக்கு அந்த வேலை இல்லை. ஆனால் முதலில் கப்புகளின் அடியைத் தோண்டிப் பாருங்கள். கறையான் தின்ற கப்பென்றால் அதை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

பெரும்பாலானோர் சீமெந்துக் கல்லைத்தான் நினைப்பார்கள். சுற்றளவு 44 அடி, உயரம் 8 அடி. கதவையும் இரண்டு யன்னலையும் கழித்தால் ஏறத்தாழ 300 சதுர அடிச் சுவர். 16க்கு 8 அங்குலக் கல்லில் 340 அளவில் வேண்டும். உடைவுக்கும் சேர்த்து 360 என்று வையுங்கள். நீங்களே அச்சில் போட்டுக் கல் அரிந்தால் ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும், அதைத் தவறவிட்டால் கல் உதிரும். வேலை வேகமாக ஏறும், கறையானால் இதைத் தின்ன முடியாது. செலவுதான் இடிக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் நூல் கட்டி, தூக்குக் குண்டு பிடித்துப் பார்க்கவும் பொறுமை வேண்டும்.

பலகை பற்றி அதிகம் சொல்ல இல்லை. இரண்டு நாளில் அறை எழும்பிவிடும். ஆனால் வன்னிக் கறையானுக்கு அது சாப்பாடு. இரும்புச் சட்டம் அடித்து நிலத்திலிருந்து உயர்த்தினால்தான் தப்பும்.

என் மனம் நிற்பது மண்ணில். வெளியில் மண்சுவரின் பெரிய எதிரி மழை. கொட்டகைக்குள் அந்த எதிரி உள்ளே வராது. அப்படியும் அடிப்பக்கம் ஆபத்துத்தான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது பள்ளக் காணி வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியதை மறக்க முடியாது. அதனால் கீழே மூன்று வரி சீமெந்துக் கல் வைத்தேன், இரண்டு அடி. அதற்கு மேல் மண்.

மண் எதுவும் சரிவராது. போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படியும். களி கூடினால் வெடிக்கும், மணல் கூடினால் உதிரும். நான் முதலில் அப்பிய சுவரில் மூன்றாம் நாளே விரல் நுழையும் வெடிப்பு. மணலும் நறுக்கிய வைக்கோலும் கூட்டிக் குழைத்து, காலால் மிதித்து, ஒரு இரவு புளிக்க விட்டு அப்பினேன். அந்தப் பக்கம் மயிர்க் கோடு கூட இல்லை. பிழைத்தால் நனைத்து இடித்துத் திரும்பக் குழைக்கலாம், ஒரு சதமும் வீணாகாது. புதிதாகக் கை வைப்பவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நேரம்தான் விலை: ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, காய விட வேண்டும்.

அறை வெக்கையாக இருக்குமா என்பதைச் சுவரை விடத் தகரம்தான் தீர்மானிக்கும். வெயில் நேரே விழுவது அதில்தான். சித்திரை மத்தியானம் தகரத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சீமெந்தில் மிச்சம் பிடித்த காசை, தகரத்துக்குக் கீழே அறையை மூடும் மேல்தட்டுக்குப் போடுங்கள். தகரத்துக்கும் தட்டுக்கும் இடையில் இரண்டு அடி வெளி விட்டு, இரண்டு பக்கமும் திறந்து வைத்தால் சோளகக் காற்று சூட்டை இழுத்துக்கொண்டு போகும். தட்டுக்குக் கிடுகு குளிர்ச்சி, ஆனால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், நெருப்புப் பயமும் உண்டு. நான் பனஞ்சலாகை பரப்பி, மேலே இரண்டு அங்குலம் மண் பூசினேன். சமையலை மட்டும் கொட்டகைக்கு வெளியே வைத்திருக்கிறேன்.