ஆங்கிலச் சொல்வளப் பயிற்சிக்கு 14,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்: வேலூர், காட்பாடி கல்லூரி மாணவர்கள் கவனத்திற்கு

இன்று மதியம் நான்காவது முறையாக அந்த மாடிப்படி ஏறி, நான்காவது முறையாக வெறுங்கையோடு இறங்கி வந்தேன். காட்பாடியிலிருந்து குடியாத்தம் செல்லும் பேருந்தில் உட்கார்ந்தவுடன் இதை எழுதத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்த்தால் எழுதத் தோன்றாது. பயிற்சி மையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காட்பாடிப் பக்கம், கீழே கடைகளும் மேலே வகுப்பறைகளுமாக இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலச் சொல்வளமும் பத்தி வாசித்து விடையளிக்கும் பயிற்சியும் தருவதாகச் சொல்லும் தனியார் மையம் என்பது போதும். நான் கட்டிய தொகை 14,500 ரூபாய். இப்படிப்பட்ட இடத்தில் சேருமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இப்போது இளநிலைக் கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வங்கி எழுத்தர் தேர்வுக்குத் தயாராகிறேன். அதன் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 வினாக்கள், 20 நிமிடங்கள். ஒரு தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். கணக்கும் ரீசனிங்கும் எனக்குப் பயமில்லை. ஆங்கிலப் பத்தியைக் கண்டால்தான், முதல் வரியிலேயே ஒரு தெரியாத சொல் வழிமறித்து நின்றுகொள்ளும். அதைத் தாண்டுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். கல்லூரிக்கு வரும் நிறுவனங்களின் எழுத்துத் தேர்விலும் இதே கதைதான். இந்தப் பலவீனம் இருக்கும் மாணவனுக்கு எந்த விளம்பரம் கண்ணில் படும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச டெமோ வகுப்பு என்று அழைத்தார்கள். உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஒரு மணி நேரம் மிக நல்ல பாடம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆசிரியர் ஒருவர் வந்தார். ஒரு நாட்டின் மீது விதிக்கப்பட்ட வணிகத் தடையைப் பற்றிய நான்கு பத்திகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். முதல் பத்தியில் கடன் 'சாங்ஷன்' ஆனது என்றும், மூன்றாம் பத்தியில் 'சாங்ஷன்' ஏழைகளை வதைத்தது என்றும் இருந்தது. இரண்டு இடத்துக்கும் நாங்கள் எல்லோருமே 'அனுமதி' என்று எழுதினோம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது. நெசவாளர் சங்கத்தில் கடன் சாங்ஷன் ஆயிற்றா இல்லையா என்பதுதான் நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஆங்கிலம். அவர் சிரித்துக்கொண்டே, "அனுமதி கொடுத்தா ஏழை எதுக்குப்பா வதைபடுவான்?" என்று கேட்டார். ஒரே சொல் ஒப்புதலையும் குறிக்கும், தண்டனைத் தடையையும் குறிக்கும். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதே, அது எந்தச் சொற்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று பார் என்று சொல்லிக் கொடுத்தார். 'ஆனால்', 'இருந்தபோதிலும்' என்று பொருள் தரும் சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொன்னார். உலகத்தில் உண்மையாக இருக்கிற விடையைத் தேர்ந்தெடுக்காதே, பத்தியில் இருக்கிற விடையைத் தேர்ந்தெடு என்றார். அந்த ஆசிரியரை அதற்குப் பிறகு நான் ஒருநாளும் பார்க்கவில்லை. டெமோவுக்கு மட்டும் நாள் கூலி பேசி வெளியூரிலிருந்து வரவழைப்பார்களாம். இதை எனக்குச் சொன்னது கீழே இருக்கும் தேநீர்க் கடைக்காரர்; அதுவும் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து.

டெமோ முடிந்ததும் ஒரு மேடம் தனி அறையில் உட்காரவைத்துப் பேசினார். பத்து வினாக்களில் நான்கு சரியாக எழுதியிருந்த என் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கு லாஜிக் இருக்கு, வேர்ட்ஸ்தான் கம்மி" என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறார் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அப்பாவும் தறிக்காரர்தாம்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. 18,000 ரூபாய்க் கட்டணத்தை எனக்காக 14,500 ஆகக் குறைப்பதாகவும், அன்று மாலைக்குள் கட்டினால்தான் அந்தச் சலுகை என்றும் சொன்னபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. நம் கஷ்டம் தெரிந்த ஒருவர் உதவுகிறார் என்றே நினைத்தேன். அம்மா தன் ஏலச்சீட்டை 4,000 ரூபாய் தள்ளி, அவசரமாக எடுத்துக் கொடுத்தார். அந்த நட்டத்தையும் சேர்த்தால் போனது 18,500 ரூபாய் ஆகிறது, ஆனால் நான் 14,500 என்றே சொல்லி வருகிறேன். என்னுடன் சேர்ந்த ஆம்பூர்ப் பையனிடம் அதே மேடம், தன் அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று சொல்லியிருக்கிறார். இது எங்களுக்குள் பேச்சுவாக்கில் தெரியவந்த நாளில் அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொன்னது: மூன்று மாதத்தில் 60 வகுப்புகள், 3,000 சொற்கள், 120 பத்திகள், வாரம் ஒரு மாதிரித் தேர்வு, ஒவ்வொரு தவறுக்கும் தனித்தனி விளக்கம். கிடைத்தது: 11 வகுப்புகள், 14 பத்திகள், வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப். வகுப்பெடுத்தவர் என்னைவிட ஓராண்டு மூத்த பொறியியல் மாணவர். நாளுக்கு ஐம்பது சொல் வீதம் அகரவரிசையில் திரையில் காட்டிப் படித்துக்கொண்டே போவார்; பதினோராவது வகுப்பில் 'சி' எழுத்தோடு வண்டி நின்றுவிட்டது. தேர்வு நடத்துகிறவர்கள் ஏ, பி, சி-யில் தொடங்கும் சொற்களை மட்டும் கேட்பதாக ஒப்புக்கொண்டால் எனக்கு நல்ல மதிப்பெண் வரும். மீதியை நானே படித்துப் பார்த்தேன். புதுமையான என்ற பொருளில் வரும் 'நாவல்' என்ற உரிச்சொல்லுக்குப் 'புதினம்' என்று போட்டிருந்தார்கள். 'கிரேவ் சிச்சுவேஷன்' என்றால் கவலைக்கிடமான நிலைமை. பிடிஎஃப்பின்படி அது கல்லறை நிலைமை. ஏதோ ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்ததை யாரும் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. சாங்ஷனுக்கு என்ன போட்டிருந்தார்கள் என்று தேடினேன். அனுமதி. அது மட்டும்தான்.

மாதிரித் தேர்வு அதைவிட மோசம். ஒரு பத்திக்கான எட்டு வினாக்களில் எனக்கு ஒன்றுதான் சரி என்று வந்தது. பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் புத்தியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கவனித்தேன்: நான்கே விடைகள் கொடுக்கப்பட்டிருந்த ஒரு வினாவுக்கு ஐந்தாவது விடை சரி என்று விடைக்குறிப்பு சொல்லியது. எட்டு விடைகளும் ஒரு வரிசை கீழே தள்ளிப் பதிவாகியிருந்தன. ஒரு வரி மேலே ஏற்றிப் பார்த்தால் எனக்கு ஆறு சரி. இதை வகுப்பில் எடுத்துச் சொன்னபோது, "கீ-ல என்ன இருக்கோ அதான் கரெக்ட்" என்று முடித்துவிட்டார்கள். பத்தி வாசிப்பில் விடைக்குறிப்பு தவறாக இருப்பது கணக்கில் தவறாக இருப்பதைப் போன்றதல்ல. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, தவறு அவர்களுடையது என்று தெரிந்துகொள்வேன். ஆங்கிலத்தில் நான் என்னைத்தான் சந்தேகிப்பேன். சரியாகப் படித்த முறையைக் கைவிட்டு, தவறான விடைக்குப் பொருந்துமாறு பத்தியை வளைத்துப் படிக்கப் பழகிக்கொள்வேன். தேர்வறிக்கையில் எனக்கு 62 விழுக்காடு. அன்று காய்ச்சலில் தேர்வே எழுதாத என் நண்பனுக்கும் 62 விழுக்காடு. இருவருக்கும் ஒரே அறிவுரை: 6,000 ரூபாய் கட்டி அட்வான்ஸ்டு பேக் வாங்கவும்.

பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கியது செப்டம்பரில். முதல்முறை போனபோது மேடம் விடுப்பில் இருந்தார். தொலைபேசியில், கணக்குப் பிரிவு சென்னையில் இருப்பதால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன், 30 வேலை நாட்கள் ஆகும் என்று பதில் வந்தது. 30 வேலை நாட்கள் கழித்துப் போனேன். அந்த மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது என்றார்கள். மூன்றாவது முறை, "வந்துடும் தம்பி, ஏன் அவசரப்படுற? அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா உக்காந்துக்க" என்றார்கள். அதே பிடிஎஃப்பை அதே மாணவர் மீண்டும் ஏ-யிலிருந்து படிப்பதைக் கேட்பதற்கு இலவசம் எதற்கு? பயிற்சி மையங்களுக்காக ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருப்பதை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அதெல்லாம் நீட், ஜேஇஇ நடத்துகிறவர்களுக்கு என்று சொல்லி, தாளை மடித்து என் கையிலேயே திணித்தார்கள்.

இன்று நான்காவது முறை. இன்றுதான் என் ரசீதை என்னிடமே காட்டி விளக்கினார்கள். பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய், பாட ஏட்டின் விலை 11,000 ரூபாய். பயிற்சிக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. ஏட்டை நான் பெற்றுக்கொண்டுவிட்டதால் திருப்பித் தர எதுவும் பாக்கியில்லையாம். கல்லறை நிலைமை என்று எழுதியிருக்கும் அந்தப் பிடிஎஃப்பின் விலை 11,000 ரூபாய்! பணம் கட்டிய நாளில் அந்த ரசீதை நான் படிக்கவேயில்லை என்பதை நினைக்கும்போதுதான் அதிகம் வலிக்கிறது. பத்தியைக் கவனித்து வாசிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளச் சேர்ந்தவன், நான்கு வரி ரசீதை வாசிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கீழே இறங்கியபோது தேநீர்க் கடைக்காரர், "இன்னா தம்பி, குட்தாங்களா? இந்த மாசத்துல நீ நாலாவது ஆளு" என்றார்.

எங்கள் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியரிடம் இதையெல்லாம் சொன்னபோது, முன்பே வந்து கேட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். 1953-இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலையும், நியூசிலாந்தின் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் பட்டியலையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் அகராதியிலிருந்து அள்ளியவை அல்ல. முதலாவது அன்றாட ஆங்கிலத்தில் அடிக்கடி வருபவை, இரண்டாவது கல்விசார் எழுத்தில் திரும்பத் திரும்ப வருபவை. அந்த 570 மட்டுமே, காக்ஸ்ஹெட் எடுத்துக்கொண்ட கல்விசார் நூல்தொகுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருந்தனவாம். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நூறு சொற்களில் இரண்டுக்கு மேல் தெரியாமல் போனால் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்வது கடினம் என்று ஆய்வாளர்கள் சொல்வதாகவும், ஆகவே இப்போதைக்கு எளிய பத்திகளையே நிறையப் படி என்றும் சொன்னார். டெமோ ஆசிரியர் சொன்னதைப் போலவே, ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதிவைக்கச் சொன்னார். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். கே.வி.குப்பம் தாண்டிவிட்டது, கைப்பேசியில் சார்ஜும் குறைவு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். டெமோ எடுத்தவர்தான் முழு வகுப்பும் எடுப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள். அன்று மாலைக்குள் கட்டச் சொன்னால் அன்று கட்டாதீர்கள். தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பாதீர்கள், நான் அனுப்பினேன். ரசீதில் எந்த வகைக் கட்டணம் என்று இருக்கிறது எனப் படித்துவிட்டு வெளியே வாருங்கள். சேருமுன் பாட ஏட்டில் நடுவில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த ஐந்து சொற்களுக்குப் பொருள் சரியா என்று பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. அதை முதலில் விசாரியுங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். நான் செய்துவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வு நாளில் மனு கொடுக்கப்போகிறேன். காட்பாடியில் அந்த இரண்டாம் மாடியில் பணம் கட்டியவர்கள், ரசீதின் நகலோடு காலை பத்து மணிக்கு வாசலுக்கு வாருங்கள். ஆம்பூர்ப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.