வட்டத்தில் ஐந்தா, வரிசையில் நான்கா?

ஐந்து சிலிண்டரும் பூ விரிந்த மாதிரி நிற்கும் ரேடியல் இன்ஜினைப் பார்த்தால் யாருக்கும் "இது நமக்கு ஆகாதப்பா" என்றுதான் தோன்றும். வரிசையாக நான்கு சிலிண்டர் நிற்கும் இன்ஜின் வாசலில் நிற்கும் காரிலேயே இருக்கிறது. பழகிய முகம், அதனால் சுலபம் என்று நினைப்போம். நானும் அப்படி நினைத்துத்தான் முதலில் வரிசை இன்ஜினில் கை வைத்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்கட்டில் இரண்டையும் ஓடுகிற சின்ன மாதிரி இன்ஜினாகச் செய்து முடித்த பிறகு சொல்கிறேன், அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

போன மாதம் ஒரு தம்பி வந்தான். செம்பனை ஆலையில் பிட்டர், கை சுத்தம். "அங்கிள், நேரா வி8 செஞ்சிடலாமா?" என்றான். எட்டு பிஸ்டன், பதினாறு வால்வு. "முதல் இன்ஜினுக்கு வேண்டாம்பா" என்றதும் முகம் வாடிவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பட்டறை. என்னிடம் இருப்பது 180 மில்லிமீட்டர் சுழலும் மினி லேத், மேசைமேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷின், வட்டத்தைச் சம பங்காகத் திருப்பித் தரும் ஒரு டிவைடிங் ஹெட். அவ்வளவுதான். வரிசை இன்ஜின் 20 மில்லி போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 20 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்). நான்கும் சேர்ந்து 25 சிசி. ரேடியல் 24க்கு 22; சிலிண்டருக்கு 10 சிசி வீதம் மொத்தம் 50. இரண்டும் பெட்ரோலில் ஓடுபவை.

வரிசை இன்ஜினின் உயிரை வாங்குவது கிராங்க், அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. நாற்பது மில்லி கனமுள்ள இரும்புக் கம்பியில் 150 மில்லி நீளம் வெட்டி, இரு முனையிலும் மூன்று மூன்று சென்டர் துளை போட வேண்டும். நடுத்துளை மெயின் பேரிங்குக்கு, ஒரு பக்கத்துத் துளை 1, 4ஆம் சிலிண்டருக்கு, எதிர்ப்பக்கத்தது 2, 3க்கு. பிறகு துளை மாற்றி மாற்றிப் பிடித்துக் கடைய வேண்டும். கம்பி மையம் விலகிச் சுற்றும்போது டூல் பாதிச் சுற்றுக்கு இரும்பைத் தொடும், பாதிச் சுற்றுக்குக் காற்றைத் தொடும். டக் டக் டக் என்று அடிக்கிற அடியில் பெஞ்சின் மேல் வைத்த தேத்தண்ணி கிளாஸ் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். கிராங்கின் தட்டையான இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள பின்னைக் கடைய, ஒல்லியான டூலை நீளமாக வெளியே நீட்டித்தான் ஆகவேண்டும். நீட்டினால் அதிரும், அதிர்ந்தால் பின் மேல் அலை அலையாகக் கோடு விழும். கடைசியில் கம்பியில் பாதிக்கு மேல் சுருளாகத் தரையில் கிடக்கும்.

என் முதல் கிராங்க் வாழைப்பழம் ஆனது. பளபளவென்று இருக்கிறதே என்று குளிர்நிலையில் இழுத்த கம்பியை வாங்கினேன். அந்த வகைக் கம்பியின் தோலில் இழுத்த இறுக்கம் அப்படியே தங்கியிருக்கும். ஒரு பக்கம் செதுக்கச் செதுக்க மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். முடித்துவிட்டு டயல் கேஜ் வைத்தால் நடு பேரிங்கில் முள் 0.3 மில்லி ஆடியது. இரண்டு மாதச் சனி, ஞாயிறு போச்சு. இரண்டாவது முறை சூட்டில் உருட்டிய சாதாரண இ.என்.8 ரக எஃகுக் கம்பி, முரட்டு வெட்டு முடிந்ததும் ஒரு வாரம் சும்மா போட்டுவைத்து அப்புறம்தான் கடைசி வெட்டு. அது நின்றது. கிராங்க் ஒரே துண்டு என்பதால் பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய கண்ணை இரண்டாகப் பிளந்து, 2 மில்லி போல்ட் போட்டு முறுக்கும் வேலை வேறு. அதுவும் நான்கு முறை.

ரேடியலில் ஒரே ஒரு கிராங்க் பின். பின்பக்கப் பலகையைத் தனியாகச் செய்து பின்னின் மேல் கவ்வ விடலாம். அதனால் பின்னில் நேராக உட்காரும் மாஸ்டர் ராடைப் பிளக்கத் தேவையில்லை, அப்படியே கோத்துவிடலாம். மற்ற நான்கு ராடும் மாஸ்டர் ராடின் தலையைச் சுற்றிச் சின்ன பின்களில் தொங்கும். முன்பக்கத் தண்டுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் 6001 பேரிங் இரண்டு போதும். இந்த கிராங்கை ஒரு நீண்ட வார இறுதியில் முடித்தேன். வரிசை கிராங்குக்கு ஆன மாதங்களை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

ஐங்கோணக் கிராங்க் கேஸைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். டிவைடிங் ஹெட்டில் நாற்பது சுற்றுக்கு ஒரு முழு வட்டம். ஐந்தால் வகுத்தால் சரியாக எட்டுச் சுற்று. துளைத்தட்டே வேண்டாம், கைப்பிடியை எட்டுத் தடவை சுற்று, ஒரு முகம் வெட்டு, மறுபடி எட்டு. ஏழு சிலிண்டருக்கு ஆசைப்பட்டால் ஐந்தே ஏழில் ஐந்து சுற்று வரும், அப்போதுதான் துளை எண்ணிச் சாக வேண்டும். ஐந்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேமிலும் ரேடியலுக்கே லாபம். வரிசையில் ஒரே தண்டில் எட்டு மேடு, ஒவ்வொன்றும் தன் கோணத்தில் உட்கார வேண்டும். ஐந்து சிலிண்டர் ரேடியலில் கேம் ஒரு வளையம். கிராங்குக்கு எதிர்த்திசையில் நான்கில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றும். உள்ளே இழுக்கும் வால்வுகள் ஐந்துக்கும் சேர்த்து இரண்டே மேடு, புகை வால்வுகளுக்கு இரண்டு. நான்கோடு கதை முடிந்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வரிசை இன்ஜினின் பிளாக் ஒரே துண்டு. மூன்று துளை அழகாக விழுந்து, நாலாவதில் கைச்சக்கரத்தின் தளர்ச்சியை மறந்து கால் மில்லி தள்ளிப் போட்டால் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்கு. ரேடியலில் ஒரு சிலிண்டர் கெட்டால் அந்த ஒன்றுதான் போகும். பதிலுக்கு அலுப்பைத் தாங்க வேண்டும். என்னுடையதில் சூடு ஆறுவதற்குச் சிலிண்டருக்குப் பன்னிரண்டு காற்றுப் பள்ளம், ஐந்துக்கு அறுபது. வால்வு பத்து. ஒவ்வொன்றையும் பேஸ்ட் தடவித் தேய்த்து, போர்ட்டில் ஊசி போடும் சிரிஞ்சைச் செருகி இழுத்துப் பிடித்து, பத்து எண்ணி விட்டதும் சிரிஞ்சின் தண்டு தானாக உள்ளே ஓடுகிறதா என்று பார்ப்பேன். ஆறாவது வால்வில் "போதும்டா" என்று வரும். அங்கே விட்டுக்கொடுத்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

சரி, வரிசைக்கு நல்ல பெயரே கிடையாதா? உண்டு, தீப்பொறியில். 1-4க்கு ஒரு காயில் (பொறிக்கு மின்சாரம் தரும் சுருள்), 2-3க்கு ஒரு காயில். இருவருக்கும் ஒரே நேரத்தில் பொறி விட்டால் ஒருவருக்கு வேலை, மற்றவருக்கு வீண். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரே வேண்டாம். ரேடியலில் எண்ணிக்கை ஒற்றைப்படை, ஜோடி சேராது. 1-3-5-2-4 என்று 144 பாகைக்கு ஒரு பொறி. அதற்குச் சின்ன டிஸ்ட்ரிபியூட்டர் கட்டியாக வேண்டும், இரவில் நீல மின்னல் தாவுவதைப் பார்த்து எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். பிளக் மட்டும் கப்சாய் மோட்டார் சைக்கிளின் 10 மில்லி மரை பிளக். குழந்தை தலையில் அப்பா தொப்பி வைத்த மாதிரி இருக்கும், பரவாயில்லை.

வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, பிரிட்டனின் மாதிரி இன்ஜின் வடிவமைப்பாளர் எட்கர் வெஸ்ட்பரி வடிவமைத்த 15 சிசி 'சீல்' நல்ல வழி. தண்ணீரில் குளிரும் நான்கு சிலிண்டர். வால்வுகள் பக்கவாட்டில் பிளாக்கில் இருப்பதால் தலைப்பகுதி ஏறக்குறைய ஒரு தட்டு. பாதித் தலைவலி குறையும். வி-ட்வினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பின், இரண்டு ராடு, 90 பாகையில் வைத்தால் ஆட்டமும் குறைவு. ஆனால் இரண்டு சிலிண்டரோடு யாருக்கும் ஆசை அடங்கியதாக நான் பார்த்ததில்லை. தயாராகக் கிடைப்பதும் உண்டு: ஜப்பானின் ஓ.எஸ். செய்த 50 சிசி ஐந்து சிலிண்டர் ரேடியல், சீனாவின் டோயன் தரும் 14 சிசி நான்கு சிலிண்டர். ஓட்டிப் பார்க்க அருமை. கடைந்து பார்க்கும் ஆசைக்கு அது தீனி ஆகாது.

ரேடியலில் ஒரு குணம் மட்டும் கடைசிவரை மாறாது. ஒன்றாம் சிலிண்டர் உச்சியில் நின்றால் 3, 4 இரண்டும் கீழே சாய்ந்து தொங்கும். நிறுத்திவைத்த இரவில் எண்ணெய் எல்லாம் அங்கே இறங்கிவிடும். அதைப் பார்க்காமல் வேகமாகச் சுற்றினால் எண்ணெய் நசுங்காது, ராடுதான் வளையும். அந்த இரண்டு பிளக்கையும் கழற்றி, விசிறியைக் கையால் நாலு சுற்று சுற்றி, வடிவதைத் துணியில் பிடித்த பிறகுதான் ஸ்டார்ட். அப்படியும் முதல் ஒரு நிமிடம் நீலப் புகை கொட்டும். துணிக்கொடியில் ஏதாவது காய்கிறதா என்று முதலில் எட்டிப் பார்க்க வீட்டுக்காரி பழக்கிவிட்டாள்.

தம்பி இரண்டையும் ஓடவிட்டுக் கேட்டான், ரேடியல் பக்கமே நின்றான். வரும் சனிக்கிழமை சிலிண்டருக்கு அலுமினியம் அறுக்க வருகிறான். ஐந்து வேண்டாம், கெட்டுப்போக இரண்டு சேர்த்து ஏழு துண்டாக அறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.