எட்டு மாதம் புதைந்திருந்தும் மக்காத 'மக்கும்' பை

மக்கும் குப்பைப் பை வாங்கப் போகிறீர்களா? வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் வாங்கி ஏமாந்தேன்.

சமையலறைக் கழிவு போடுவதற்காக இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். வெளிர்பச்சைப் பைகள். பெட்டி மேல் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு இலை, சுற்றிலும் '100% மண்ணோடு கலந்துவிடும்', 'சான்றளிக்கப்பட்டது' என்று எழுத்து. சாதாரணப் பையைவிட விலை நன்றாகவே கூடுதல். நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டில் உரம் போடுகிற தொட்டி ஒன்று இருக்கிறது. 'பையோடு சேர்த்தே புதைக்கலாம்' என்று பெட்டியில் போட்டிருந்ததால் அப்படியே செய்து வந்தேன். எட்டாவது மாதம் சலிக்கலாம் என்று எடுத்தேன். உரம் அருமையாக வந்திருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, முதல் மழை வாசனையோடு. சல்லடையில்தான் வினை. பச்சைப் பச்சையாகத் துணுக்குகள் நின்றன. நகம் அளவில் சில, கடுகளவில் நிறைய. ஒரு துண்டில் அந்த இரட்டை இலை வட்டத்தில் பாதி அப்படியே இருந்தது, மை கூட மங்கவில்லை. உள்ளே போட்ட கழிவெல்லாம் மக்கிவிட்டது. பை மக்கவில்லை, பொடிந்திருக்கிறது. முழுப் பையாகக் கிடந்திருந்தால் உருவி எறிந்திருக்கலாம். இதைப் பொறுக்கி முடிப்பது யார்?

படம் எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். 'உங்கள் தொட்டியில் போதிய வெப்பம் இல்லை' என்று முதல் பதில் வந்தது. வெப்பம் வேண்டும் என்று பெட்டியில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். அடுத்த பதில்: 'எங்கள் பொருள் முறையாகச் சான்று பெற்றது, இணைப்பைப் பார்க்கவும்.' மூன்று பக்க பிடிஎஃப். பெரும்பாலானோர் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். முத்திரையும் கையெழுத்தும் போட்ட தாளைக் கண்டால் நமக்கு அப்படி ஒரு மரியாதை. அன்று எனக்குக் கோபம் இருந்ததால் வரி வரியாகப் படித்தேன்.

முதல் பக்கம் ஐஎஸ்ஓ 14001. தொழிற்சாலை தன் சுற்றுச்சூழல் பொறுப்புகளை ஒரு முறைப்படி நிர்வகிக்கிறது என்று சொல்வதற்கான சான்று அது. அங்கே தயாராகும் பை மக்குமா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இதைப் பெற்ற நிறுவனம் வடிகட்டின பாலிதீனும் தயாரிக்கலாம். இன்னொன்று, ஐஎஸ்ஓ தரநிலைகளை எழுதுகிறதே தவிர யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. தருவது வேறு சான்றளிப்பு நிறுவனங்கள். 'ஐஎஸ்ஓ எங்களுக்குச் சான்று தந்திருக்கிறது' என்று யாராவது சொன்னால் அங்கேயே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பக்கம் ஆய்வுக்கூட அறிக்கை. 'மாதிரியின் விவரம்' என்ற இடத்தில் 'துகள்கள்' என்று இருந்தது. அதாவது மூலப்பொருளைச் சோதித்திருக்கிறார்கள், பையை அல்ல. அந்தத் துகளோடு என்ன சாயம் சேர்த்தார்கள், என்ன மை, எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் மக்கும் வேகத்தை மாற்றும். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். ஆய்வுக்கூடம் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான் அப்படி இல்லை.

மூன்றாவதுதான் அசல் சான்றிதழ் மாதிரி இருந்தது. சான்றளித்த அமைப்பின் பெயர், கீழே ஓர் எண். அந்த அமைப்பின் தளத்துக்குப் போய் எண்ணைப் போட்டேன். வேறொரு நிறுவனத்தின் பெயர் வந்தது. பொருள்: கரண்டி. காலாவதியாகி இரண்டு வருடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கரண்டிச் சான்றும்கூட தொழில்முறை உரக்கிடங்குக்கானது. இந்த வித்தியாசம் எனக்கும் அன்றுவரை தெரியாது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலைப்படி, உரமாக்கும் சோதனையில் 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் 10 சதவீதத்துக்கு மேல் மிஞ்சக் கூடாது. தவிர, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் நுண்ணுயிர்களால் சிதைய வேண்டும். இதற்கான ஆய்வுக்கூடச் சோதனை நடப்பது சுமார் 58 டிகிரி செல்சியஸில். வீட்டு மூலையில் இருக்கும் தொட்டியில் அந்தச் சூடு நிலைத்து நிற்காது. வீட்டில் மக்குவதற்கென்று தனிச் சான்று உண்டு. டியூவி ஆஸ்திரியா என்ற அமைப்பு தருகிற 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' அப்படிப்பட்டது, அதில் சாதாரண வெப்பநிலையில்தான் சோதிக்கிறார்கள். 'ஹோம்' என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பை முழுக்க அசலாகவே இருந்தாலும் உங்கள் தொட்டியில் மக்காமல் போகலாம்.

என் பை அசல் என்றும் நான் நம்பவில்லை. சாதாரணப் பாலிதீனில் ஒரு சேர்க்கைப் பொருளைக் கலந்தால் வெயிலிலும் காற்றிலும் அது சீக்கிரம் நொறுங்கும். ஆக்ஸோ வகை என்பார்கள். கண்ணுக்கு மறைந்தாலும் நுண்நெகிழியாக மண்ணில் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து இந்த வகையைத் தடை செய்திருக்கிறது. என் சல்லடையில் நின்றது அதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். நிரூபிக்க வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லை.

சரி, அந்த இரட்டை இலை வட்டம் என்ன? ஒன்றுமே இல்லை. அவர்களே வரைந்துகொண்டது. நிறுவனம் தானே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை ஐஎஸ்ஓ 14021 ஒரு தனி வகையாகவே வைத்திருக்கிறது. அப்படிச் சொல்வது குற்றமில்லை, ஆனால் சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், 'பசுமையானது' என்பது போன்ற பிடிபடாத சொற்களைப் போடக் கூடாது. வெளியார் வகுத்த அளவுகோலை வைத்து வெளியாரே சோதித்துத் தருவது ஐஎஸ்ஓ 14024 வகை. மேற்கு ஜெர்மனியில் 1978இல் வந்த 'புளூ ஏஞ்சல்' இதில் முன்னோடி. நார்டிக் நாடுகளின் அன்ன முத்திரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பூ முத்திரையும் இதே வகை. கடை அலமாரியில் பார்க்கும்போது இரண்டு வகைக்கும் ஒரே பச்சைச் சட்டை, அதுதான் சிக்கல்.

வெளியார் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்களுக்கு அமெரிக்கா தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரை. 2010இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம், உலகத்தில் இல்லாத நிறுவனங்களின் பெயரில் 20 போலிப் பொருட்களுக்கு அந்த முத்திரை கேட்டு விண்ணப்பித்தது. 15 தேறிவிட்டன. பெட்ரோலில் ஓடுகிற அலாரம் கடிகாரம் ஒன்று அதில் இருந்தது! நிறுவனங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பியதன் பலன். அதற்குப் பிறகுதான் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடச் சோதனையும் வெளியார் சான்றும் கட்டாயம் ஆயின.

அதே பெட்டியில் எண் போட்ட அம்பு முக்கோணமும் இருந்தது. அதையும் நான் பசுமைக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். 1988இல் வந்த அந்தக் குறி நெகிழி எந்த வகை என்று மட்டும்தான் சொல்லும். மறுசுழற்சிக்குப் போகும் என்ற உறுதி அதில் கிடையாது. வேறு சில பொட்டலங்களில் பார்த்திருப்பீர்களே, இரண்டு அம்பு பின்னிய பச்சை வட்டம்? அதன் கதையும் இதேதான். பொட்டலக் கழிவைச் சேகரிக்கும் திட்டத்துக்கு நிறுவனம் கட்டணம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டியில் ஓர் அசல் முத்திரையும் இருந்தது. மூலையில், சின்னதாக, டிக் குறியும் மரமும் சேர்ந்த எஃப்எஸ்சி குறி, காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான முத்திரை. கூடவே 'சி' என்று தொடங்கி ஆறு இலக்கம். அந்த எண்ணைத் தேடினால் சரியான நிறுவனம், சரியான பொருள், இன்னும் காலாவதியாகாத சான்று. பொருள்: அட்டைப் பெட்டி. பெட்டி பொறுப்பான காட்டு மரத்திலிருந்து வந்திருக்கிறது, அதற்குள் இருந்ததைப் பற்றித்தான் யாரும் எதற்கும் சான்று தரவில்லை.

இத்தனையையும் தொகுத்து அனுப்பியதும் அடுத்த முறை வாங்குவதற்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். அடுத்த முறையா! வாங்கிய தளத்தில் தனியாகப் புகார் கொடுத்தேன், பொருள் விவரமும் உண்மையும் பொருந்தவில்லை என்று, மூன்று பக்கத்தையும் எண் தேடிய திரைப்பிடிப்பையும் இணைத்து. பதினோரு நாளில் முழுப் பணமும் வந்தது. புகாரில் 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதாமல் 'இந்த எண் கரண்டிக்கு உரியது' என்று எழுதியதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

பை இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது. போன வாரம் பார்த்தேன். 'சான்றளிக்கப்பட்டது' என்ற சொல் போய் 'மண்ணின் நண்பன்' வந்திருக்கிறது. வட்டத்துக்குள் இப்போது மூன்று இலை.