நெல் மில் கணக்குக்கு மொங்கோவா, போஸ்ட்கிரெஸ்ஸா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் நெல் மில்லுகளுக்கு கணக்கு சிஸ்டம் செய்ற பொடியனுகள் நிறையப் பேர் எடுத்த எடுப்பிலயே மொங்கோடிபி (மொங்கோ) எண்ட டேட்டாபேஸுக்குப் போறாங்க, ஏனெண்டு கேட்டா டேபிள் டிசைன் பண்ணத் தேவல்லயாம், வாற டேட்டாவ அப்படியே போட்டுரலாமாம். போடுறது லேசுதான். எடுக்கக்குள்ளதான் வேலையே இரிக்கு.

மொங்கோவில ஒரு விவசாயிக்கு ஒரு டொக்கியுமென்ட், அதாவது ஒரு பதிவு, அதுக்குள்ளயே அவர்ர வட்டை (வயல்வெளி), போன் நம்பர், கொண்டுவந்த மூடைக் கணக்கு எல்லாம். ஒராள்ர கணக்க மட்டும் பாக்க இது நல்ல வேகம், ஒரே வாசிப்பில வந்துரும். ஆனா மில்காரர் கேக்கிறது அதில்லயே, "இந்தப் பெரும்போகத்தில கீரிச்சம்பா மொத்தம் எத்தின கிலோ வந்த, ஆராருக்கு இன்னும் காசு குடுக்கணும்" எண்டுதான் கேப்பார், அப்ப ஒவ்வொரு டொக்கியுமென்டையும் பிரிச்சு உள்ள இரிக்கிறத வெளிய எடுத்துக் கூட்டணும். மறுகா ஒருத்தன் "கீரி" எண்டும் இன்னொருத்தன் "கீரி சம்பா" எண்டும் டைப் பண்ணியிருந்தா மொத்தமே பிழை.

போஸ்ட்கிரெஸ் எண்டது டேட்டாவ டேபிள் டேபிளாப் பிரிச்சு வைக்கிற டேட்டாபேஸ், அதில விவசாயி, நெல்லினம், கொள்வனவு, கொடுப்பனவு எண்டு நாலு டேபிள். இனத்தின்ர பேர் ஒரே இடத்தில, மத்த இடத்திலெல்லாம் அதச் சுட்டிக்காட்டுற ஃபொரின் கீ, அதால இல்லாத இனத்த ஆரும் பதியவே ஏலாது. ஒண்டு மட்டும் கவனம்: கிலோ விலைய நெல்லினம் டேபிளில மட்டும் வைக்காதீங்க, கொள்வனவு வரிசையிலயே அண்டைய விலை நிக்கணும், இல்லாட்டி இண்டைக்கு விலைய மாத்தினா போன மாசத்து பில்லெல்லாம் சேந்து மாறிரும். காசுக்கு ஃப்ளோட் (தசமத்த கிட்டத்தட்டத்தான் வைக்கிற எண் வகை) வேணாம், நியூமெரிக் (சரியா வைக்கிற வகை) போடுங்க.

மொங்கோவயும் குறைச்சுச் சொல்லேலா. 2018ல வந்த 4.0 பதிப்பில இருந்து பல டொக்கியுமென்ட சேத்து ட்ரான்ஸாக்சன் (எல்லா மாத்தமும் ஒண்டா நடக்கும், இல்லாட்டி ஒண்டுமே நடக்காது) பண்ணலாம், வாற டேட்டா சொன்ன அமைப்பில இரிக்கா எண்டு பாக்கிற ஸ்கீமா வலிடேசனும் இரிக்கு. கல்முனையில ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு, பெயின்டுக்கு ஒரு விவரம் பைப்புக்கு வேற விவரம் எண்டு இரிக்கிற சாமானுக்கு அது நல்லாப் பொருந்தும். எண்டாலும் அந்த வேலைக்கும் 2014ல வந்த 9.4ல இருந்து போஸ்ட்கிரெஸ்ல ஜேசன்பி கொலம் (ஒவ்வொரு வரிசையிலயும் வேற வேற விவரம் போடலாம்) இரிக்கு, கெதியாத் தேட இன்டெக்ஸும் போடலாம், அதால நான் காசு பொழங்கிற எந்த இடத்துக்கும் போஸ்ட்கிரெஸ்தான் சொல்லுவன்.

ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல ஓடுற சின்ன மில்லெண்டா எஸ்கியூலைட் எண்ட சின்ன டேட்டாபேஸே போதும். ஆனா அதில ஃபொரின் கீ வழமையா ஓஃப்ல கிடக்கும், ஒவ்வொரு கனெக்சனிலயும் ப்ராக்மா எண்ட கட்டளையப் போட்டு ஓன் பண்ணுங்க.